திருப்பி வைக்காத ஒரு மணி நேரம்

கார்ஸ் சிறை,
4 அக்டோபர் 2018

அன்புள்ள நெர்மின் அக்காவுக்கு,

முதலில் உன் கைகளை முத்தமிடுகிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? ராத்திரி சூடான உப்பு ஒத்தடம் வைக்கிறாயா, இல்லை சோம்பல்படுகிறாயா? என்னைக் கேட்டால், மூச்சு வருகிறது, போகிறது. அல்லாஹ்வுக்கு நன்றி.

எடிர்னேயிலிருந்து எங்களை இங்கே மாற்றிவிட்டார்கள். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. நம்மூரில் இன்னும் வெறும் சட்டையோடு திரிவீர்கள். இங்கே மலையில் வெண்பனி விழுந்தாயிற்று. போனில் பேச வாரத்துக்குப் பத்து நிமிஷம்தான். அதை பிர்செனுக்கும் குழந்தைக்கும் வைத்துக்கொள்கிறேன், பெண்டாட்டி பிள்ளைக்குத்தானா என்று கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கடிதம். ஒன்று மட்டும் ஞாபகம் வை: உள்ளே வருவதையும் வெளியே போவதையும் இங்கே படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

நேற்று கொட்டடி டிவியில் செய்தி சொன்னார்கள். இரண்டு வருஷமாகக் குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பாமல் விட்டார்களே, இனிமேல் திருப்பி வைப்பதே கிடையாதாம். குளிர்காலம் வந்தாலும் கோடை நேரம்தான், என்றைக்கும். எனக்கு இரண்டாம் தடவை தீர்ப்பு வாசித்த மாதிரி இருந்தது. முன்பெல்லாம் செய்ததுபோல ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருந்தால், போன டிசம்பரில் நான் மில் வேனோடு அந்தப் பள்ளிக்கூட முனைக்கு வந்தபோது வெளுத்திருக்கும். யோன்ஜா ரோட்டைக் கடப்பதைப் பார்த்திருப்பேன். அந்தப் பெண் இந்த வருஷம் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருப்பாள். நான் உன் ஜன்னலுக்குக் கீழே வேனை நிறுத்திவிட்டுச் சூப் கேட்டுக்கொண்டிருப்பேன்.

யோன்ஜாவின் அம்மா ஹஜேர் சந்தையில் மேசை போட்டு, குளிர்கால நேரத்தைத் திரும்பக் கொண்டுவரக் கையெழுத்து வாங்குவதாக பிர்சென் சொன்னாள். பெற்றவளே புரிந்துகொண்டுவிட்டாள் பார். நீயும் அவளும் ஒரே மில்லில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரிசி மூட்டை தைக்கிறவர்கள். அவளிடம் என்னைப் பற்றிப் பேசு அக்கா.

குழந்தையின் கன்னத்தை எனக்காகக் கிள்ளு.

உன் தம்பி,
தாஷ்கின்


உசுன்கோப்ரு,
21 அக்டோபர் 2018

அருமைத் தம்பி தாஷ்கின்,

உன் இரண்டு கண்களையும் முத்தமிடுகிறேன். குளிருக்குக் கம்பளிக் காலுறை நான்கு ஜோடி அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறத்தை நீயே வைத்துக்கொள், மற்றவற்றைக் கேட்கிறவர்களுக்குக் கொடு. முட்டி அப்படியேதான். மாடியில் பிர்செனும் நில்சுவும் நலம். நில்சுவுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. அப்பா வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறாள்.

மில்லுக்குப் புதிய வேன், புதிய டிரைவர். காலையில் நிறுத்தத்தில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் தெரிகிறது. பிள்ளைகள் கையில் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். முதல் பாடம் முடிந்த பிறகுதான் வகுப்பு விளக்கை அணைக்கிறார்களாம்.

ஹஜேரின் மேசையைப் பார்த்தேன். மடக்கு மேசை, மேலே யோன்ஜாவின் படம், கையெழுத்துத் தாள் பறக்காமலிருக்க ஒரு பூசணிக்காய். கூட்டம் நன்றாகவே இருந்தது. திறந்தவெளியில் டீக்கடை வைத்திருக்கிறாரே, அவர் மட்டும் வம்புக்கு வந்தார்.

"ஹஜேர் அக்கா, சாயங்காலம் வெளிச்சம் இருந்தாத்தான் ஜனங்க வெளிய வருவாங்க. என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடறீங்களே."

"உன் கடைக்கு வெளிச்சம் வேணும்னா பல்பு போட்டுக்க தம்பி. ரோட்டைக் கடக்கிற பிள்ளைக்கு எவன் பல்பு போடுவான்?" என்றாள் ஹஜேர்.

எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எனக்கென்னவோ இதுதான் நல்லதுன்னு படுது. வேலை விட்டு வர்றப்போ இருட்டா இருந்தா தெருநாயிலேருந்து எல்லாத்துக்கும் பயம்." ஹஜேர் அவளைத் திட்டவில்லை. "உன் பயம் உனக்கு. கையெழுத்து வேண்டாம். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று பாட்டிலை நீட்டினாள்.

நான் கையெழுத்துப் போட்டேனா என்று கேட்பாய். அன்றைக்குக் கையில் பை இருந்தது. அடுத்த வாரம் போடலாம் என்று வந்துவிட்டேன்.

நீ கேட்ட மற்ற விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
நெர்மின்


கார்ஸ் சிறை,
5 நவம்பர் 2018

அன்புள்ள அக்கா,

கைகளுக்கு முத்தம். காலுறை வந்தது. நன்றி. நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

"பிறகு" என்று எழுதியிருக்கிறாய். பிறகு என்றால் எப்போது? வக்கீல் சொல்வதைக் கேள். மேல்முறையீடு மார்ச் வாக்கில் விசாரணைக்கு வரும். அதற்கு முன் ஹஜேர் நோட்டரியிடம் போய், 'டிரைவர்மீது எனக்குப் புகாரில்லை, இருட்டுதான் காரணம்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், தண்டனையை நன்றாகக் குறைப்பார்களாம். இருந்தது போதும் என்று விட்டாலும் விடுவார்களாம். நில்சு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் இருப்பேன்.

பொய் சொல்லும்படியா உன்னிடம் கேட்கிறேன்? போலீஸ் அறிக்கையிலேயே 'இருட்டு, போதிய வெளிச்சமில்லை' என்றுதான் இருக்கிறது. ஹஜேரும் அதையேதான் சந்தையில் கத்திக்கொண்டிருக்கிறாள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றாலே போதும்.

இங்கேயும் இந்தக் கடிகாரச் சண்டைதான். பக்கத்துக் கட்டிலில் ஷாமெர்தான் என்று பெயர், கிழக்கே இக்தீர் பக்கத்து ஆட்டுக்காரன். என் கதையைக் கேட்டுவிட்டு எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், அவன் மட்டும் எலுமிச்சை கடித்தவன்போல் வாயை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு சொன்னான்: "உங்க மேற்குல காலைல இருட்டு. கடிகாரத்தைத் திருப்பினா எங்க ஊர்ல பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். ஓநாய் இறங்கற நேரத்துல எங்க பிள்ளைங்க நடந்து வரும். உங்க பிள்ளை காலைல செத்தா கணக்கு, எங்க பிள்ளை சாயங்காலம் செத்தா கணக்குல வராதா?"

ஆட்டுக்காரனோடு என்ன வாதம்.

சீக்கிரம் எழுது.

உன் தம்பி,
தாஷ்கின்


உசுன்கோப்ரு,
30 நவம்பர் 2018

அருமைத் தம்பி,

கண்களுக்கு முத்தம். பதில் தாமதமாகிவிட்டது. அறுவடை முடிந்து மில்லில் மூச்சுவிட நேரமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் ஹஜேரிடம் போகவில்லை. அவளே என் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவைத் திறந்தேன். அவளே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷமா பக்கத்துப் பக்கத்துல உக்காந்து மூட்டை தைக்கிறோம். நீ என் மூஞ்சிய நேரா பாக்கறதில்ல. உன் தம்பியோட வக்கீல் என்னைத் தேடி வந்தாரு. நீ ஏன் வரல?"

"என்னன்னு வர்றது ஹஜேர்."

"நான் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

நான் தேநீர் ஊற்றினேன். அவள் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்து நின்றேன். அவள் பார்த்தாள். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"அவன்மேல கோவம் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவனைக் கோவிச்சு என்ன பண்ண? நாலு வருஷத்துல வெளிய வந்துருவான், அதோட என் கோவம் வேலையத்துப் போயிடும். இந்தக் கடிகாரம் அப்படியில்ல. இதோட நான் சாகறவரைக்கும் சண்டை போடலாம். நாளைக்கு இன்னொருத்தி பிள்ளை பொழைக்கும்."

இரண்டு கோப்பை குடித்தாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் உடம்பில் அரிசித் தவிட்டு வாசனை. என்மேலும் அதே வாசனைதான் இருந்திருக்கும்.

தாஷ்கின், அவள் போன பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வேன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. போன வருஷம் இதே நாட்களில் அந்த ஜன்னலிலிருந்து தினமும் சாயங்காலம் நான் உன்னிடம் என்ன சொல்வேன் என்று நினைவிருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
நெர்மின்


கார்ஸ் சிறை,
12 டிசம்பர் 2018

அன்புள்ள அக்கா,

உன் கைகளை ஆயிரம் முறை முத்தமிடுகிறேன். ஹஜேர் ஒப்புக்கொண்டாள் என்று படித்ததும் கொட்டடியில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆட்டுக்காரனுக்கும்.

ஜன்னலில் பேசியது ஜன்னலோடு இருக்கட்டும். நான் முதல் கடிதத்திலேயே எழுதினேன், இங்கே எல்லாவற்றையும் படிக்கிறார்கள் என்று. ஹெட்லைட் மோதலில் உடைந்தது என்று நிபுணர் பார்த்து எழுதி, நீதிபதி ஏற்று, முத்திரை குத்தியாயிற்று. படித்தவர்கள் சொன்னதற்குமேல் நமக்கு என்ன தெரியும்? வேறெதையாவது யாராவது கிளறினால் இது 'தெரிந்தே செய்த கவனக்குறைவு' ஆகும், வருஷம் ஏறும் என்று வக்கீல் சும்மா பொதுவாக ஒருமுறை சொன்னார். உனக்கும் சும்மா பொதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

நில்சுவுக்கு இந்த மாதம் பிறந்தநாள். ஒரு பொம்மை வாங்கி, அப்பா அனுப்பியது என்று கொடு.

உன் தம்பி


உசுன்கோப்ரு,
28 டிசம்பர் 2018

தம்பி தாஷ்கின்,

நலமா? இங்கே நலம். பொம்மை கொடுத்தேன். முடி வெட்டிவிட்டாள் அதற்கு.

யோன்ஜா போய் ஒரு வருஷமான காலையில் ஹஜேர் எல்லோரையும் பள்ளிக்கூட முனைக்கு வரச் சொல்லியிருந்தாள். விபத்து நடந்த அதே நேரத்துக்கு. யாரும் விளக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவள் கட்டளை. பாதி ஊர் இருட்டில் நின்றது. இருமல் சத்தமும் குழந்தைகள் சிணுங்குவதும்தான் கேட்டது. டிவிக்காரர்கள் வந்து தங்கள் விளக்கைப் போட, ஹஜேர் கையை ஓங்கிக்கொண்டு போய் அணைக்க வைத்தாள்.

பிறகு பேச்சு. கட்சிக்காரர் ஒருவர், இது இருளுக்கும் ஒளிக்குமான போராட்டம் என்றார். நம் மில் முதலாளியும் பேசினார். நல்ல கம்பளிக் கோட்டு. "எங்க வேன், எங்க டிரைவர், எங்க தொழிலாளியோட மக. மூணு பேரையும் பலி வாங்கினது இந்த நேரம்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோருக்குமே அது வசதியாக இருந்தது தாஷ்கின். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் யார்மீதும் கோபமில்லை.

ஹஜேர் என் பக்கத்தில் வந்து நின்றாள். யோன்ஜாவின் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது, துவைத்திருக்கிறாள்.

"இது இந்த இருட்டுலயும் தெரியுது பாரு" என்றாள்.

"ம்."

"வேன் வெளிச்சம் பட்டா இன்னும் பளிச்னு தெரியணுமில்ல? இதை நான் நினைக்கவே இல்ல நெர்மின். இப்போதான் தோணுது. அவனுக்கு ஏன் தெரியல?"

மில் வேன் வந்து நின்றது. ஏறிக்கொண்டேன்.

ஜனவரி எட்டாம் தேதி நோட்டரி. கூட வரச் சொல்கிறாள்.

நெர்மின்


கார்ஸ் சிறை,
3 ஜனவரி 2019

அக்கா,

புத்தாண்டு நல்லதாக இருக்கட்டும். அவசரமாக எழுதுகிறேன்.

கூடப் போ. கையைப் பிடித்துக் கூட்டிப் போ. கோட்டைப் பற்றிக் கேட்டால், 'பனிமூட்டம்' என்று சொல். இல்லை, எதுவும் சொல்லாதே. நீ நல்லவள், நல்லவர்களுக்கு வாய் நிற்காது, அதுதான் பயம். அப்பா செத்தபோது என் கையை உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் செத்தார். நீ ஹஜேருக்குச் சினேகிதி ஆவதற்கு முன்னாலேயே எனக்கு அக்கா.

பதிலை விரைவுத் தபாலில் அனுப்பு.

தாஷ்கின்


உசுன்கோப்ரு,
20 ஜனவரி 2019

தம்பி தாஷ்கின்,

நீ நலமாக இருக்க வேண்டும். அதைத்தான் இன்றும் கேட்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ நம்பமாட்டாய் என்றாலும்.

இதைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை இனி.

நோட்டரி அலுவலகம் மாடியில். பாதிப் படி ஏறியதும் முட்டி வலித்து நின்றேன். ஹஜேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வா, ஆபீஸ் ஓடிடாது" என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அதற்குமேல் என்னால் ஏற முடியவில்லை.

"ஹஜேர், வேன்ல வலப்பக்க விளக்கு எரியல."

"மோதினதுல உடைஞ்சுதுன்னாங்களே."

"அதுக்கு முன்னாடியே எரியல. பத்துப் பன்னண்டு நாளா. சாயங்காலம் என் ஜன்னலுக்குக் கீழதான் நிறுத்துவான். ஒத்தக் கண்ணோட வர்றியே, மாத்துடா மாத்துடான்னு தினம் கத்துவேன். ஞாயித்துக்கிழமை மாத்தறேம்பான்."

அவள் படியில் உட்கார்ந்தாள். ஒருவர் மேலே போக வழி கேட்டார், விலகி வழிவிட்டாள். அவர் போன பிறகு கேட்டாள்:

"யோன்ஜா எந்தப் பக்கத்துலேருந்து வந்தா?"

"வலப்பக்கம்."

"கோர்ட்ல ஏன் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கல."

"உன் வீட்டுல வந்து டீ குடிச்சேனே. அப்போ?"

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைத் திறந்து, புகாரில்லை என்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்த தாளை எடுத்து மடித்து, இன்னும் மடித்து, சின்னதாக்கினாள்.

"ஒரு வருஷமா நான் ஒரு கடிகாரத்தோட சண்டை போட்டுட்டு இருந்தேன். எனக்குன்னு அது ஒண்ணு இருந்துச்சு. ஏன் நெர்மின் சொன்ன? கையெழுத்துப் போட்டப்புறம் சொல்லியிருந்தா உன் தம்பியாவது மிஞ்சியிருப்பான். இப்போ உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

எழுந்து தனியாக இறங்கிப் போனாள்.

மறுநாள் நான் அரசு வழக்கறிஞரிடம் போனேன். இளைஞர். "நீங்க கூடப் பிறந்தவங்க. சாட்சி சொல்ல மாட்டேன்னு சொல்லலாம், சட்டத்துல இடமிருக்கு. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்களேன்" என்றார். ஒரு வருஷம் யோசித்தாயிற்று என்றேன்.

இருட்டு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருட்டாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினாரா என்று தெரியாது.

என்னைத் திட்டியாவது எழுது.

உன் அக்கா,
நெர்மின்


உசுன்கோப்ரு,
17 மார்ச் 2019

தம்பி,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. ஆகவே கைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே பனி இன்னும் இடுப்பளவு இருக்குமாம், டிவியில் காட்டினார்கள்.

பிர்சென் நில்சுவைக் கூட்டிக்கொண்டு சோர்லுவுக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். போகும்போது என்னிடம் பேசவில்லை, படியிறங்கும்போது குழந்தையிடம் பேசுகிற மாதிரி எனக்குச் சொன்னாள்: "அத்தைக்கு டாட்டா சொல்லாத. அத்தைக்கு நம்மளவிட ஊரான் பிள்ளை பெரிசு." நில்சு கொடுத்த பல் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

மில்லில் என்னை மூட்டை தைக்கிற இடத்திலிருந்து கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வேனைப் பழுதுபார்க்காமல் ஓடவிட்டது யார் என்று இப்போது அவர்களையும் கேட்கிறார்களாம். முதலாளி எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறார். கிடங்கு குளிராக இருக்கிறது, வேறொன்றுமில்லை. ஹஜேர் வேலைக்கு வருகிறாள். என் பழைய இடத்தில் வேறொருத்தி. சந்தையில் மேசை இல்லை.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும்.

அக்கா


கார்ஸ் சிறை,
26 மே 2019

நெர்மின் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்டதாக எடுத்துக்கொள்ளவும்.

தீர்ப்பைக் கேள்விப்பட்டிருப்பாய். இரண்டு வருஷம் கூட்டிவிட்டார்கள். நான் வெளியே வரும்போது நில்சுவுக்கு என்னை யாராவது அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நாலு மாதமாக மனதுக்குள் எழுதிப் பார்க்கிறேன். இருட்டும் உண்மை, விளக்கும் உண்மை. இரண்டும் உன் கையில் இருந்தது. ஒன்றில் நான் வீட்டுக்கு வந்திருப்பேன், ஹஜேரும் தூங்கியிருப்பாள். நீ மற்றதை எடுத்துக் கொடுத்தாய். யாருக்கு நல்லது நடந்தது? ஒரு ஆளின் பெயரைச் சொல். உனக்கு ராத்திரி தூக்கம் வந்தது என்றால் அதையாவது சொல், ஒரு ஆளுக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஹஜேர் மறுபடி மேசை போடுகிறாளா? போட்டால் சொல்லிவிடு, இந்த நேரமே இருக்கட்டும், மாற்ற வேண்டாம் என்று. இங்கே முற்றத்துக் கதவைப் பூட்டும் நேரத்தில் மதில்மேல் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கும். ஷாமெர்தான் அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பான். இப்போது நானும் நிற்கிறேன். குளிர்கால நேரமென்றால் அதுவும் போய்விடும். எனக்கு இனி அவ்வளவுதான் இருக்கிறது.

இனி எழுத வேண்டாம்.

தாஷ்கின்


உசுன்கோப்ரு,
24 நவம்பர் 2019

தம்பி தாஷ்கின்,

எழுத வேண்டாம் என்றாய். ஆறு மாதம் எழுதாமல் இருந்தேன். உன்னிடமிருந்து பதில் எதிர்பார்த்து எழுதவில்லை இது. நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் சரியில்லை என்றுதான். தூக்கம் வரவில்லை. ஆகவே உனக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை.

மறுபடி காலைகள் இருட்டிவிட்டன. ஹஜேர் மேசை போட்டாள். நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. இந்த வருஷம் மேசையில் யோன்ஜாவின் படம் இல்லை, தாள் மட்டும்தான். போன வருஷம் வரிசையில் நின்றவர்கள் இப்போது மறுபக்க நடைபாதையில் போகிறார்கள். டீக்கடைக்காரர் மட்டும் வந்து நின்றார்.

"அக்கா, உங்க பொண்ணு விஷயம் விளக்குன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே. கடிகாரத்தை ஏன் இன்னும் இழுக்கறீங்க?"

போன வருஷம் முனையில் பேசிய கட்சிக்காரரும் அதையேதான் பேப்பரில் சொன்னார். நேரத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணமாகிவிட்டதாம். நான் சொன்ன சாட்சியை வைத்து அவள் வாயை அடைக்கிறார்கள், தாஷ்கின். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், வெங்காயம் வாங்குகிற மாதிரி.

டீக்கடைக்காரர் போன பிறகு நான் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. தாளைக்கூட என் பக்கம் திருப்பி வைத்தாள், யாருக்கும் திருப்புகிற மாதிரி. நான் கையெழுத்துப் போட்டேன். போன வருஷமே போட்டிருக்க வேண்டியது.

"ஹஜேர்" என்றேன்.

"போட்டாச்சில்ல. போ."

நான் நகரவில்லை. அவள் தாள்களை அடுக்கினாள். தலை நிமிராமலே கேட்டாள்:

"அவன் இருக்கிற ஊர்ல எப்போ விடியுது?"

"கிழக்கு இல்லையா. நம்மளவிட ஒரு மணி நேரம் முன்னாடி."

அவள் தாள்கட்டைப் பைக்குள் வைத்தாள்.

"அப்போ அவன் எந்திரிக்கிறப்போ அவனுக்கு விடிஞ்சிருக்கும்" என்றாள்.

மேசையின் கால்களை மடக்க ஆரம்பித்தாள். ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்களுக்கு முத்தம்.

உன் அக்கா,
நெர்மின்